பணிப்புறக்கணிப்பை ஆதரிக்கிறேன், என் முறைப்பாட்டை மீளப்பெறமாட்டேன்

சவுக்குமரம் (இழையைத் தொடங்கியவர்)

இம்மாதம், அதாவது 2024 பெப்ரவரி 1 ஆம் திகதி, எனது சிறுநீர்க் குழாயை மாற்றவேண்டிய நாளாக இருந்தது. 2011 இல் தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. நான்கு கிழமைக்கு ஒருமுறை குழாயை மாற்றாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும், அடைத்தால் குளிர் காய்ச்சல் வரும். ஒருமுறை கிருமி இரத்தத்தில் ஏறிப் பத்து நாட்கள் வாட்டில் கிடந்திருக்கிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தார் ரோட்டு வரை என்னை இருவர் தூக்கிவர வேண்டும், அங்கிருந்து போய்வர முச்சக்கர வண்டிக்கு 3,500 ரூபாய். தூக்க வருகிற இருவருக்கும் அன்றைய பேர் (நாட்சம்பளம்) விழாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் செய்து அரச வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, இலங்கை முழுவதும் தாதியரும் ஏனைய சுகாதார ஊழியரும் பணிப்புறக்கணிப்பில் இருந்ததால் கிளினிக் கதவு பூட்டியிருந்தது. நடைபாதையில் இராணுவச் சீருடையில் இரண்டு இளைஞர்கள் தள்ளுகட்டில் ஒன்றைத் திருப்பத் தெரியாமல் சுவரில் இடித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வழியே திரும்பினேன். மூன்றாம் நாள் தனியார் மருந்தகம் ஒன்றில் கடன் சொல்லி மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பணிப்புறக்கணிப்பை நான் ஆதரிக்கிறேன். வைத்தியர்களுக்கான டீ.ஏ.டி. (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து) கொடுப்பனவு ஜனவரியில் 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்ந்தது. அதே வாட்டில், அதே இரவில், அதே நோயாளியின் பக்கத்தில் நிற்கிற தாதியருக்கும் ஏனைய சுகாதார ஊழியருக்கும் அந்த 35,000 ஏன் இல்லை என்று 72 தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலைவாசி ஏறியது எல்லோர் வீட்டு அடுப்புக்கும் தெரியும். கடல் கடந்து போன தாதியரின் இடத்தை யார் நிரப்பினார்கள் என்பது, எஞ்சியிருப்பவர்களின் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

இனி மற்றப் பக்கம். சில வருடங்களுக்கு முன் மலையகத்து அரச வைத்தியசாலை ஒன்றில் நான் பதினேழு நாட்கள் இருந்தேன். போகும்போது உடம்பில் ஒரு புண் இல்லை. வரும்போது வால் எலும்பில் பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் படுக்கைப் புண் இருந்தது. அது ஆற எட்டு மாதங்கள் பிடித்தன. உணர்வில்லாதவனை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எந்தத் தாதிக்கும் தெரிந்த பாடம். என்னைத் திருப்ப ஆளில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு ஒரு தாதி இன்னொருவரிடம் என்னைக் காட்டி "மேக்க" என்றார். சிங்களத்தில் அது பொருளைக் குறிக்கும் சொல். ஆளை மட்டந்தட்டிப் பேச அந்த மொழியில் வேறொரு சொல் உண்டு. அவர் அதைக்கூட எடுக்கவில்லை. இதை இனப் பிரச்சினையாகச் சுருக்கிவிட வேண்டாம், ஏனென்றால் அடுத்த நாள் தமிழ் பேசுகிற சிற்றூழியர் ஒருவரும் "இத எங்க வைக்கிறது?" என்றே கேட்டார். நான் "அண்ணே, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, என் அம்மாவிடம் திரும்பி "இது பேசுமா?" என்றார்.

இரவில் இரண்டு பேர் நாற்பது பேரைப் பார்க்கும்போது என்னைத் திருப்ப நேரமில்லாமல் போகலாம். என்னை "அவர்" என்று சொல்வதற்கு "இது" என்பதைவிட எத்தனை வினாடி கூடுதலாகத் தேவைப்படும்? முதலாவதை ஆட்பற்றாக்குறையின் கணக்கில் எழுதுகிறேன், இரண்டாவதை எழுதமாட்டேன். ஆகவே வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு நான் கொடுத்த எழுத்து முறைப்பாடு அப்படியே இருக்கிறது, பணிப்புறக்கணிப்புக்கு என் ஆதரவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனிதன் வைத்திருக்கலாமா என்று என் மைத்துனர் கேட்டார். உங்களிடமும் கேட்கிறேன்.

பெரட்டுக்களம்

தம்பி, உங்கள் வேதனை விளங்குகிறது. நான் நாற்பது வருடங்கள் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவன், அதனால் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சில சதங்கள் கூட்டிக் கேட்ட தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தபோது, துரைமார் தரப்பு பேசியது சம்பளத்தைப் பற்றி அல்ல. தொழிலாளர் ஒழுங்கில்லாதவர்கள், வன்முறைக்காரர்கள் என்றுதான் பேசினார்கள். வேலைநிறுத்தம் எங்கே நடந்தாலும் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது தொழிலாளியின் குணக்கேட்டைத்தான். 2022 பெப்ரவரியில் இதே தாதியர் தெருவில் இறங்கியபோது அத்தியாவசிய சேவை வர்த்தமானி (வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அரச அறிவித்தல்) வந்தது, கூடவே "நோயாளரைக் கைவிட்ட தாதியர்" என்ற வசையும் வந்தது. நீங்கள் எழுதியதை வெட்டி எடுத்து முகநூலில் போட ஆள் இருக்கிறது. உங்கள் முறைப்பாடு நியாயமானது. அதைச் சொல்லும் நேரம் இதுவா என்பதே என் கேள்வி. கோரிக்கையை முதலில் வெல்வோம், பிறகு இதைப் பேசுவோம்.

மானாப்புல்

நான் ஆதரிக்கவில்லை. அதை இங்கே ஒருவராவது சொல்ல வேண்டும்.

என் மகனுக்குப் பதினொரு வயது. பிறந்தபோதே மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போனதால் பேச்சில்லை, கைகால்கள் தாமாக அசையும். சென்ற வருடம் நிமோனியா என்று அனுமதித்தோம். இரவு ஆண்கள் பக்கத்தில் தாய் நிற்கக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். காலை ஆறு மணிக்குக் கேற் திறந்ததும் ஓடினேன். இரண்டு மணிக்கட்டையும் புண்ணுக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். இடது கையில் கட்டு இறுகி விரல்கள் நீலமாக இருந்தன. அவன் அழுது அழுது தொண்டை அடைத்துச் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்துகொண்டிருந்தான். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். சேலைனைப் பிடுங்குகிறான் என்றார்கள். என்னை உள்ளே விட்டிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேனே என்றேன். அதற்கு அந்த மிஸ்ஸி (தாதி), "இப்படிப் பிள்ளைய வீட்டுல வச்சிக்கிட்டு எங்கள ஏன் கரைச்சல் படுத்துறீங்க" என்றார். தமிழில்தான் சொன்னார்.

அவருக்கு 35,000 கூட்டிக் கொடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? சவுக்குமரம் அண்ணன் பெருந்தன்மையானவர். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

இரவுப்பணி

நான் தாதிய உத்தியோகத்தர், முதலாம் திகதி வேலைக்குப் போகாதவர்களில் ஒருத்தி. என் அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தார். மேலே இருக்கிற மூன்று பதிவுகளையும் இரண்டு நாட்களாக வாசித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

மானாப்புல் அக்கா, அந்த மிஸ்ஸி நான் இல்லை. ஆனால் நானும் கட்டியிருக்கிறேன். எங்கள் வாட்டில் 36 கட்டில்கள், அன்றிரவு 51 நோயாளர், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களையும் சேர்த்து. தாதியர் இருவர். ஒருவர் தீவிரமான நோயாளியோடு நின்றுவிட்டார். மனவளர்ச்சி குன்றிய முப்பது வயதுடைய ஒருவர் மூன்றுமுறை சேலைன் ஊசியைப் பிடுங்கிவிட்டார், கை முழுவதும் இரத்தம். நான்காவது முறை நான் பாதுகாப்புக் கட்டு இட்டேன். கட்டிவிட்டுப் போனவள் மூன்று மணித்தியாலம் திரும்பி வந்து பார்க்கவில்லை. கட்டினால் விரலின் நிறத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், இடையிடையே அவிழ்த்துவிட வேண்டும், ஏன் கட்டினோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்றெல்லாம் படித்தவள்தான் நான். ஒன்றும் எழுதவில்லை. காலையில் அவருடைய தங்கை வந்தபோது வேறொரு தாதி அவிழ்த்திருந்தார், ஆகவே அந்தத் தங்கைக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆட்பற்றாக்குறையால் நடந்தது என்று சொல்லி நான் தப்பலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் அதே இரவில் அதே வாட்டில் ஒரு பாடசாலை அதிபரும் மயக்கத்தில் ஊசியைப் பிடுங்கினார். அவருடைய மகனை நடைபாதையிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன், அவரைக் கட்டவில்லை. இந்த வித்தியாசத்தை நான் அன்று யோசிக்கவே இல்லை. அண்ணனின் "இது" என்ற சொல்லை வாசித்தபோதுதான் அந்த இரவு நினைவுக்கு வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடப் பயிற்சியில் சைகை மொழியில் ஒரு சொல்லும் எனக்குக் கற்பிக்கப்படவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒருவரை எப்படி மாற்றுவது என்று ஒரேயொரு நாள் பொம்மையை வைத்துக் காட்டினார்கள். தூக்கும் கருவி எங்கள் வாட்டில் இல்லை. ஆகவே நாங்கள் இடுப்பால் தூக்குகிறோம், 34 வயதில் எனக்கு முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது. தமிழ் தெரிந்தவள் என்பதால் அடுத்த மூன்று வாட்டுகளுக்கும் மொழிபெயர்க்க என்னையே கூப்பிடுவார்கள், அந்த நேரத்தில் என் கட்டில்களைப் பார்க்க ஆளில்லை. அந்த வேலைக்குப் பெயரும் இல்லை, கொடுப்பனவும் இல்லை.

மானாப்புல்

தங்கச்சி, நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி. ஆனால் "பாதுகாப்புக் கட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனைக் கட்டினார்கள். மாட்டைக் கட்டுவதற்கும் அதே சொல்தான்.

நெறியாளர்

இந்த இழையில் எந்த வைத்தியசாலையின் பெயரையோ ஊழியரின் பெயரையோ குறிப்பிட வேண்டாம். இரண்டு பதிவுகளில் இருந்த பெயர்களை நீக்கியிருக்கிறோம். நடந்ததை எழுதுங்கள், அதற்குத் தடையில்லை.

சவுக்குமரம்

பெரட்டுக்களம் ஐயாவுக்கு முதலில். "பிறகு பேசுவோம்" என்ற வாக்கியத்தை மலையகத்தில் பெண்கள் கேட்டுப் பழகியவர்கள். ஒரே மலையில், ஒரே வெயிலில் வேலை செய்தும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்று எத்தனை தலைமுறை போனது? 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் சம சம்பளம் வந்தது. அதுவரை அதைக் கேட்ட பெண்களிடம் மேடையிலிருந்தவர்கள் எத்தனை தடவை "முதலில் பொதுக் கோரிக்கை, பிறகு உங்களுடையது" என்று சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் பாட்டி முழு நிறைக்கொழுந்தையும் கொடுத்துவிட்டுக் குறைந்த சம்பளத்தை வாங்கியவர். அவர் சங்கத்துக்குச் சந்தாவும் கட்டினார், சங்கத்தைத் திட்டவும் செய்தார். இரண்டும் ஒரே நாளில், பெரும்பாலும் சம்பள நாளில்.

வெட்டி ஒட்டுவார்கள் என்ற உங்கள் பயம் சரிதான். ஆனால் நான் பேசாமல் இருந்தாலும் அவர்கள் என்னைப் பயன்படுத்துவார்கள். முதலாம் திகதி பூட்டிய கதவுக்கு முன் என்னை ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். "பாவம் ஊனமுற்ற நோயாளி, தாதியரின் இரக்கமற்ற செயல்" என்று அது எங்கோ ஓடியிருக்கும். வாட்டில் எனக்குப் புண் வந்தபோது படம் எடுக்க யாரும் வரவில்லை. பணிப்புறக்கணிப்பு நடக்காத நாட்களில் நாங்கள் கண்ணில் படுவதில்லை. அது நடக்கும் நாளில் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் எங்கள் மேல் இரக்கம் பொங்கிவிடுகிறது. அந்த இரவல் இரக்கத்தை ஒரு கோரிக்கைக்கு எதிராக எறிய என் உடம்பைக் கல்லாகக் கொடுக்க நான் தயாரில்லை. அதனால்தான் என் முறைப்பாட்டை நானே, என் வாயால், என் ஆதரவோடு சேர்த்துச் சொல்கிறேன்.

மானாப்புல் அக்கா, பெருந்தன்மை என்று சொன்னீர்கள். நான் யாரையும் மன்னிக்கவில்லை. என் கணக்கு சுயநலமானது. இரவில் இரண்டு தாதியர் நான்காகும் வரை என்னைத் திருப்ப ஆள் வராது. சம்பளம் போதாமல் இருக்கிற இருவரில் ஒருவரும் வெளிநாட்டுக்குப் போனால் என் புண் பத்து ரூபாய்க் குற்றியோடு நிற்காது. உங்கள் மகனைக் கட்டியவருக்குக் கொடுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை.

தூரத்துமலை

நான் பசறைப் பக்கம் பிறந்தவன், இப்போது இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறேன். 2022 டிசம்பரில் இங்கே அரச தாதியர் கல்லூரி என்ற சங்கம், தனது 106 வருட வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்தது. குளிரில் வாசலில் நின்ற தாதியருக்கு ஆதரவாகச் சக்கர நாற்காலியில் வந்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களில் ஒருவரோடு பேசியபோது அவர் 2011 ஐ நினைவுபடுத்தினார். அந்த வருடம் பிரிஸ்டலுக்கு அருகில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில், கற்றல் குறைபாடுள்ள நோயாளரை ஊழியர் அடிப்பதையும் தரையில் அழுத்திப் பிடிப்பதையும் பீ.பீ.சி. இரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. பதினொரு பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அந்தப் பதினொரு பேரில் தாதியரும் உண்டு.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. படம் வெளிவருவதற்கு முன்பே அங்கு வேலை செய்த மூத்த தாதி ஒருவர் நிர்வாகத்துக்கும் கண்காணிக்க வேண்டிய அதிகாரசபைக்கும் எழுதியிருந்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவர் தொலைக்காட்சியிடம் போனார். அடித்தவர்களும் அந்தத் தொழிலில் இருந்தார்கள், காட்டிக்கொடுத்தவரும் அந்தத் தொழிலில் இருந்தார். வாட்டின் உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடிய முதல் ஆள் தாதிதான். இடமாற்றத்துக்கும் வேலை நீக்கத்துக்கும் பயந்து நிற்கிற தாதி சொல்லமாட்டார். சொல்கிற தாதியைக் காப்பாற்ற வலுவான சங்கம் வேண்டும். ஆனால் அடித்தவரையும் அதே சங்கம் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றுமானால் மானாப்புல் அக்கா சொல்வதுதான் சரி.

கறுப்புக்கோட்டு

சட்டம் படிக்கிறேன், பதுளை மாவட்டத்தவள். இங்கே உபயோகப்படக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

நமது அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் 11 ஆவது உறுப்புரை கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகையிலிருந்து எவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரம் அதே அத்தியாயத்தில் 14 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. சவுக்குமரம் அண்ணனின் மைத்துனருக்கு இதைக் காட்டலாம். தாதியரின் சங்க உரிமையும் நோயாளியின் மானமும் ஒன்றையொன்று தின்னுகிற உரிமைகளாக எழுதப்படவில்லை.

அங்கவீனமானோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் நமக்கென்று இருக்கிறது. ஆனால் அதன் 23 ஆவது பிரிவு பாரபட்சத்தைத் தடைசெய்வது வேலைக்கு எடுப்பதிலும், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும், பொதுமக்கள் போகக்கூடிய கட்டிடங்களைப் பயன்படுத்துவதிலும்தான். சாய்தளம் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன, 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வாட்டுக்குள் சக்கர நாற்காலி ஏறுவதற்கு வழி கேட்கலாம். ஏறிய பிறகு கட்டிலில் அந்த மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசுவதில்லை. அதைப் பேசுவது, 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, அங்கவீனமானோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 25 ஆவது உறுப்புரை. ஏனையோருக்குக் கொடுக்கிற அதே தரத்தில் பராமரிப்பு, அவருடைய சம்மதத்தைக் கேட்டே சிகிச்சை, ஊழியருக்கு அதற்கான பயிற்சி என்று அது சொல்கிறது. எட்டு வருடங்களாகி 2024 வந்தும் அதற்கேற்ற புதிய சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோருக்கு, அதாவது பதினாறு இலட்சம் பேருக்கு மேல், ஏதாவதொரு செயற்பாட்டில் சிரமம் உண்டு. பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாட்டிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக நம்மில் யாருக்கு முடியும்? ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, கட்டணமில்லை, தமிழில் கொடுக்கலாம். அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. மொழி தொடர்பான முறைப்பாட்டுக்கு 1956 என்றொரு இலக்கத்தை வைத்தார்கள். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடத்தையே இலக்கமாக வைத்தது யாருடைய புத்தி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பெரட்டுக்களம்

1984 ஐக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள், தம்பி. மேடையிலிருந்தவர்களில் நானும் ஒருவன். "பிறகு" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் என் பயத்தை முழுவதும் விடவில்லை. முறைப்பாட்டை எங்கே கொண்டுபோவது என்பதில் கவனம் வேண்டும். அரசாங்கத்தின் கையில் கொடுத்தால் அது தாதியரை அடிக்கும் தடியாகும். சங்கத்தின் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் பெயரோடு, ஆதரவுக் கடிதமாகவே கொடுங்கள். வாங்க மறுத்தால் அவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

சவுக்குமரம்

ஐயா சொன்னது நல்ல யோசனை. அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு இரவுகளாக யோசிக்கிறேன்.

முதலாம் திகதி சிறுவர், மகப்பேறு, புற்றுநோய் வைத்தியசாலைகளைப் பணிப்புறக்கணிப்பிலிருந்து விலக்கினார்கள். யார் காத்திருக்க முடியாதவர் என்று சங்கங்கள் யோசித்திருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. கட்டிடத்தின் பெயரைப் பார்த்து விலக்கியதை, ஒவ்வொரு வாட்டிலும் கட்டிலைப் பார்த்தும் விலக்க முடியும். தானாகத் திரும்ப முடியாதவர், குழாய் வைத்திருப்பவர், வாயால் தண்ணீர் கேட்க முடியாதவர் ஆகியோருக்கு வாட்டுக்கு ஒரு தாதியைச் சங்கமே நியமித்து நிறுத்தலாம். இராணுவத்தை இறக்குவதற்கு அரசாங்கத்துக்கு இருக்கிற சாட்டும் அதோடு குறையும். இதை முதலாவதாக எழுதப் போகிறேன்.

இரண்டாவதாக, கொடுப்பனவுக் கோரிக்கையின் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையையும் தூக்கும் கருவியையும் எழுதச் சொல்லிக் கேட்பேன். என்னைத் தூக்கி முதுகு உடைந்த தாதியும் நாளை என் வரிசையில்தான் நிற்பார். அங்கவீனமானோருக்கு இந்த 2024 இல் மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதில் எனக்குக் குழாயும் பஞ்சும் பெம்பர்ஸும் வாங்கவே போதாது.

மூன்றாவதுதான் எழுத வரவில்லை. "எங்களை இது என்று சொல்லாதீர்கள்" என்பதை ஒரு கோரிக்கையாக எப்படி எழுதுவது? சுற்றறிக்கை போட்டு மாற்றுகிற காரியமா அது? மாற்றுத்திறனாளி என்கிறார்கள், விசேட தேவையுடையவர் என்கிறார்கள், வலதுகுறைந்தவர் என்று பழைய படிவங்களில் இருக்கிறது. எதையாவது சொல்லுங்கள், எனக்குக் கவலையில்லை. பெயர் கட்டில் அட்டையில் எழுதியிருக்கிறதே, அதை வாசியுங்கள்.

இரவுப்பணி

அண்ணன், மூன்றாவதை நான் எழுதிக்கொடுக்கிறேன், ஏனென்றால் அதை எழுத வேண்டியது எங்கள் பக்கம். எங்கள் கிளைக் கூட்டம் அடுத்த கிழமை. உங்கள் கடிதத்தை நான் வாசிப்பேன். பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள், "நாங்கள் அடி வாங்கும் நேரத்தில் இதுவா" என்பார்கள். மற்றப் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் இரவு நினைவுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

என் கைக்கு எட்டிய ஒன்றைச் செய்திருக்கிறேன். நேற்று வேலைக்குத் திரும்பியதும் தானாகத் திரும்ப முடியாத மூன்று நோயாளரின் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம், வலம், இடம், மல்லாக்க என்று தமிழிலும் சிங்களத்திலும். திருப்பியவர் கையெழுத்து வைக்க வேண்டும். காலையில் பார்த்தபோது பன்னிரண்டு கட்டங்களில் ஐந்தில்தான் கையெழுத்து இருந்தது. இரண்டு பேர் இருந்த இரவு அது. அந்தத் தாள்களைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பணிப்பாளரிடம் ஆட்கள் கேட்கும்போது காட்டுவதற்கு.

மானாப்புல் அக்கா, உங்கள் மகனுக்கு நடந்ததற்கு நீங்கள் முறைப்பாடு கொடுத்தீர்களா?

மானாப்புல்

இல்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அடுத்த முறை அவனுக்குச் சளி பிடித்தால் அதே வாட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதே முகங்கள்தான் இருக்கும். அந்தப் பயம்தான். ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது.

பணிப்புறக்கணிப்பு விடயத்தில் என் மனம் மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புக்கோட்டு

அக்கா, ஒரு மாதம் என்பது உயர் நீதிமன்ற மனுவுக்குத்தான். ஆணைக்குழுவில் இப்போதும் கொடுத்துப் பார்க்கலாம், வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் எழுதலாம். அனுமதித்த திகதியும் வாட்டு இலக்கமும் உங்கள் கையிலிருக்கிற நோய் நிர்ணய அட்டையில் இருக்கும்.

இரவுப்பணி

சிங்களப் பிரதியை நான் எழுதித் தருகிறேன், அக்கா. என் பெயரையும் கீழே மொழிபெயர்த்தவர் என்று போடுங்கள்.

மானாப்புல்

அட்டை இருக்கிறது. நாளை படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புகிறேன்.

எழுதுங்கள், தங்கச்சி. ஆனால் கட்டினார்கள் என்று நான் சொல்கிற இடத்தில் கட்டினார்கள் என்றே எழுத வேண்டும்.